மாட்ரிடிலிருந்து காரில் செகோவியா, ஆவிலா: ஒரு நாள் திட்டம்

ஒரே நாளில் மூன்று ஊர் என்று யாராவது திட்டம் போட்டுக் கொடுத்தால் ஒன்றை அடித்துவிடுங்கள். மூன்றாவது ஊரில் பார்க்கிங் தேடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். செகோவியாவும் ஆவிலாவும் போதும்.

முதலில் கிழமை. செவ்வாய் முதல் வெள்ளி வரை நல்லது. திங்களன்று பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும்; ஞாயிறு மாலை மாட்ரிட் திரும்பும் ஏ-6 சாலையில் வண்டி நகராது.

இந்திய லைசென்ஸ் என்றால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கையில் வேண்டும். அதை ஊரிலேயே ஆர்டிஓவில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள், ஸ்பெயினில் கிடைக்காது.

கார் எடுத்ததும் பெட்ரோல் மூடியைத் திறந்து பாருங்கள். வட்டத்துக்குள் ஈ5 என்றிருந்தால் பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 என்றால் டீசல். பங்கில் பெட்ரோலுக்கு 'கசோலினா', டீசலுக்கு 'கசோலியோ' என்று எழுதியிருக்கும், அவசரத்தில் மாறிப்போகும். மாற்றி நிரப்பிவிட்டால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

வண்டி வலப்பக்கம் ஓடும். நேர்ச்சாலையில் சீக்கிரம் பழகிவிடும், தடுமாறுவது ரவுண்டானாவில்தான். உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கே முன்னுரிமை, அது உங்கள் இடப்பக்கமிருந்து வரும். இடப்பக்கம் பார்த்து, நின்று, வலப்பக்கம் திரும்பி நுழையுங்கள். வேக வரம்பு நெடுஞ்சாலையில் 120, சாதாரணச் சாலையில் 90, ஊருக்குள் 50. ஒவ்வொரு திசைக்கும் ஒரே தடம் உள்ள தெருவில் 30.

காலை எட்டரைக்குக் கிளம்புங்கள். பைகளைக் கிளம்பும்போதே டிக்கியில் போட்டுவிடுங்கள். பார்க்கிங்கில் இறங்கி டிக்கியைத் திறந்து வைத்தால் திருடனுக்குக் காட்டிக்கொடுத்தது போலாகும். செகோவியாவுக்கு வழி: ஏ-6, ஏபி-6, பிறகு ஏபி-61 சாலை. சுமார் 90 கிலோமீட்டர், வழியில் சுங்கச்சாவடி உண்டு. சுங்கத்தைத் தவிர்க்கும் வழி மலைக்கணவாய் ஏறிப் போகும். குளிர்காலத்தில் பனி பெய்யுமென்பதால் வேண்டாம்.

செகோவியாவில் ஜிபிஎஸ் பழைய நகரத்துக்குள் கூட்டிப் போகப் பார்க்கும். போகாதீர்கள், சந்துகள் குறுகல். ரோமானிய நீர்ப்பாலத்துக்கு அருகே நிலத்தடி பார்க்கிங்கில் விட்டுவிட்டு நடங்கள். பாலம் 28 மீட்டர் உயரம், சாந்து இல்லாமல் அடுக்கிய கருங்கல். கிட்டப் போய்ப் பார்த்தால் கற்களின் முகத்தில் சின்னக் குழிகள் தெரியும்: கல்லைத் தூக்கிய இடுக்கி கவ்விய இடங்கள். அதற்காகவே பத்து நிமிடம் நிற்கலாம். அங்கிருந்து ஏறினால் 1525-இல் தொடங்கிய பேராலயம், அதையும் தாண்டினால் அல்காசர் கோட்டை. கோபுரத்துக்கு 152 படி. முட்டிவலி உள்ளவர்கள் விட்டுவிடலாம்.

மதியம் ஒன்றரைக்கு முன்னால் பல உணவகங்களில் அடுப்பே பற்றவைக்க மாட்டார்கள். சைவர்கள் கவனிக்கவும்: 'ஹுதியோனெஸ்' என்னும் பெரிய வெள்ளை மொச்சைக் குழம்பிலும் பெரும்பாலும் பன்றி இறைச்சி இருக்கும். கேட்டுவிட்டு ஆர்டர் சொல்லுங்கள்.

மூன்றரைக்கு ஆவிலா நோக்கிக் கிளம்புங்கள், ஒரு மணி நேரப் பயணம். வண்டியைப் பழைய ஊரைச் சுற்றியுள்ள கோட்டை மதிலுக்கு வெளியே நிறுத்துங்கள். ஊர் 1,130 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மதில்மேல் காற்று சில்லென்று அடிக்கும், ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். மதிலின் சுற்றளவு 2.5 கிலோமீட்டர், ஒன்பது வாயில்கள். எல்லா இடத்திலும் மேலே நடக்க விடமாட்டார்கள்.

செகோவியாவைக் காலையில் வைத்ததற்குக் காரணம் கடைசி நிறுத்தம். அதாஹா ஆற்றைக் கடந்து சாலமான்கா சாலையில் கொஞ்சம் ஏறினால் 'குவாத்ரோ போஸ்தெஸ்', மதிலை முழுதாகப் பார்க்கும் நான்கு தூண் மேடை. மாலை வெயில் மேற்கு மதிலில் நேராக விழும். டிசம்பரில் ஆறுக்கு முன்பே இருட்டிவிடும், ஆகவே செகோவியாவிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகவே புறப்படுங்கள். ஜூனில் ஒன்பதரைக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். அங்கிருந்து மாட்ரிட் 110 கிலோமீட்டர்.