கிளாம்ஸ் கோட்டைக்குச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எடின்பரோ, ஸ்டர்லிங் கோட்டைகளைப் பார்த்த கையோடு ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் பகுதியிலுள்ள கிளாம்ஸ் கோட்டைக்குச் செல்பவர்கள், அதையும் மற்றொரு நினைவுச் சின்னமாகவே எண்ணிவிடுகிறார்கள். பிற தவறுகள் பெரும்பாலும் இந்த எண்ணத்திலிருந்தே பிறக்கின்றன. அவ்விரண்டும் அரசு அமைப்பின் பராமரிப்பில் இருப்பவை. கிளாம்ஸோ, 1372-இல் மன்னர் இரண்டாம் ராபர்ட் அந்நிலத்தைச் சர் ஜான் லயனுக்கு வழங்கியது தொட்டு, பதினாறாம் நூற்றாண்டில் பறிபோன சில ஆண்டுகள் நீங்கலாக, ஒரே குடும்பத்திடம் இருந்துவருவது. அவர் வழிவந்த ஸ்ட்ராத்மோர் பிரபுக்களின் இல்லம். நாம் வாங்கும் நுழைவுச் சீட்டு சில அறைகளைக் காணும் உரிமையை மட்டுமே தருகிறது. சாத்தியிருக்கும் கதவைத் தள்ளிப் பார்ப்பதும், கயிறு கட்டிய பகுதிக்குள் எட்டிப் பார்ப்பதும் பிறர் வீட்டில் செய்யத் தகாதவை. உள்ளே படம் எடுக்கவும் அனுமதியில்லை. கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டால் கண்ணுக்கு வேலை கிடைக்கும்.

அந்த வேலைக்கு ஏற்ற இடம் கோட்டைக்குள் இருக்கும் சிற்றாலயம். ஜேக்கப் டி வெட் என்ற டச்சு ஓவியர் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் தீட்டிய பலகை ஓவியங்கள் அதன் சுவர்களையும் கூரையையும் நிறைத்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் இயேசு தொப்பி அணிந்து தோட்டக்காரரைப் போல நிற்பதையும், மற்றொன்றில் புனித சீமோன் மூக்குக்கண்ணாடி அணிந்திருப்பதையும் அவசரமாகக் கடந்து செல்பவர்கள் கவனிப்பதே இல்லை. இங்கே ஓர் இருக்கையை மட்டும் எப்போதும் காலியாக விடுவது வழக்கம். கால் வலிக்கிறது என்று அதில் உட்கார்ந்துவிடக் கூடாது. கிளாம்ஸ் சீமாட்டி ஜேனட் டக்ளஸின் ஆவிக்கு உரியது அது என்பார்கள். சூனியக்காரி என்பதற்காக அவர் எரிக்கப்பட்டதாகப் பலர் சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம். டக்ளஸ் குலத்தின்மீது தீராப் பகை கொண்டிருந்த மன்னர் ஐந்தாம் ஜேம்ஸ், தம்மை நஞ்சிட்டுக் கொல்லச் சதி செய்தார் என்று ராஜத்துரோகக் குற்றம் சுமத்தி, 1537-இல் எடின்பரோவில் அவரை எரிக்கச் செய்தார்; கோட்டையையும் பறித்துக்கொண்டார். மன்னர் இறந்த பிறகே அது ஜேனட்டின் மகனுக்குத் திரும்பக் கிடைத்தது.

மாக்பெத்தைத் தேடிச் செல்வதும் வீண். ஷேக்ஸ்பியர் தம் நாடகத்தில் அவரைக் கிளாம்ஸ் பிரபுவாக்கினாரே தவிர, பதினொன்றாம் நூற்றாண்டில் ஆண்ட உண்மையான மாக்பெத்துக்கும் இந்தக் கோட்டைக்கும் தொடர்பில்லை. உள்ளே டங்கன் பெயரில் ஒரு கூடம் இருந்தாலும், நாடகத்தில் மாக்பெத் கையால் கொல்லப்படும் மன்னர் டங்கன் உண்மையில் 1040-இல் வடக்கே எல்ஜின் அருகே போரில் மடிந்தவர்.

இதைவிட வருந்தத்தக்கது, கோட்டைக்குள் எங்கோ இருப்பதாகச் சொல்லப்படும் ரகசிய அறையைப் பற்றி மட்டுமே வழிகாட்டியைத் துளைத்தெடுப்பது. விருந்தினர்கள் எல்லாச் சன்னல்களிலும் துணியைத் தொங்கவிட்டு, வெளியே வந்து துணியில்லாத சன்னலைத் தேடினார்கள் என்ற கதை கேட்கச் சுவையானதுதான். ஆனால் அங்கே ஒரு குழந்தையை மறைத்து வளர்த்ததாகப் பரவிய வதந்தி, இன்றும் வாழும் ஒரு குடும்பத்தின் முன்னோரைப் பற்றியது. அதைவிட, இரண்டாம் எலிசபெத் மகாராணியின் தாயார் இளமையைக் கழித்த அறைகளைப் பற்றியும், 1930-இல் மகாராணியின் தங்கை இளவரசி மார்கரெட் இங்கே பிறந்ததைப் பற்றியும் கேட்டால், வழிகாட்டிகளிடம் சொல்வதற்கு நிறைய இருக்கும்.

திறப்பு நேரத்தைப் பார்க்காமல் புறப்படுவது எளிதில் தவிர்க்கக்கூடிய தவறு. குடும்பக் கோட்டைகள் பலவும் குளிர்காலத்தில் மூடப்படும். ஸ்கை தீவின் டன்வேகன் கோட்டை அக்டோபர் நடுவில் மூடினால் ஏப்ரலில்தான் திறக்கிறது. கிளாம்ஸ் ஊரில் ரயில் நிலையம் இல்லாததால் டண்டியில் இறங்கிப் பேருந்தோ டாக்சியோ பிடிக்க வேண்டும். வெளிவாயிலிலிருந்து கோட்டை வரை மரங்கள் சூழ்ந்த பாதை ஏறத்தாழ ஒரு மைல் நீள்வதாலும், உள்ளே கல் படிக்கட்டுகள் இருப்பதாலும், முதியவர்களை அழைத்துச் செல்வோர் கோட்டை வாசல் வரை வாகனத்தில் செல்ல முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.