ஊர்வனக் கூடத்தில் கடத்தல் பெட்டியைக் காட்சிக்கு வைப்பது எப்படி?

வனவிலங்குக் கடத்தலை விளக்க, கோலாலம்பூர் விலங்குக்காட்சிச் சாலைக்கு நட்சத்திர ஆமையே பொருத்தம். இந்தியா, இலங்கை, பாகிஸ்தானின் வறண்ட புதர்க்காடுகளில் வாழும் அது, சென்னையிலிருந்து நான்கு மணி நேர விமானத்தில் பெட்டிக்குள் அடைபட்டு இங்கே வந்து இறங்குகிறது. 2019-இல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் ஏறியபின், காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு விற்கவே முடியாது.

ஆமைக் கூண்டை ஒட்டி, பழைய பயணப்பெட்டி ஒன்றைத் திறந்து வையுங்கள். விமானத்தில் கையோடு கொண்டுபோகும் 55 செ.மீ. பெட்டி போதும். துணிகளுக்கு இடையே 6 முதல் 8 செ.மீ. வார்ப்பு ஆமைப் பொம்மைகள் முப்பதை நெருக்கி அடுக்குங்கள். கடத்தப்படுபவை பெரும்பாலும் குட்டிகள்தாம். சிலவற்றின் கால்களை ஓட்டுக்குள் மடக்கி ஒட்டுநாடா சுற்றுங்கள். அசையாமலிருக்கக் கடத்துபவர்கள் செய்வது அதுதான். அதற்கு மேல் ஒளிக்கும் நுணுக்கம் எதையும் காட்ட வேண்டாம். கள்ளச்சந்தை விலையும் கூடாது: ரிங்கிட்டைப் பார்த்ததும் சிலர் லாபக் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள். ஆமையைக் கையில் ஏந்திச் சிரிக்கும் படமும் வேண்டாம், வீட்டில் வளர்க்கும் ஆசையைத்தான் கிளப்பும்.

பெட்டியின் அடிவிளிம்பு தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருந்தால் சிறுபிள்ளைகளுக்கும் உள்ளே தெரியும். மேலே 5 மி.மீ. அக்ரிலிக் மூடி. காற்றுப் புகாமல் அடைத்தால் நம் ஊர் ஈரத்தில் மூடிக்குள் நீர் கோத்து, துணியில் பூஞ்சணம் பிடிக்கும். பின்பக்கம் 10 மி.மீ. துளைகள் போட்டுக் கொசுவலை ஒட்டுங்கள். பருத்திக்குப் பதில் பாலியெஸ்டர் துணி. சிலிக்கா ஜெல்லை நம்பாதீர்கள், சில நாளிலேயே ஈரத்தைக் குடித்து நிறைந்துவிடும்.

பெட்டிக்கு அருகே மாட்டும் விளக்கப் பலகையில் ஒரு மொழிக்கு நாற்பது சொற்கள் போதும். தமிழில்தான் அச்சகத்தில் சிக்கல் வரும்: கோப்பை அப்படியே அனுப்பினால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறும். எழுத்துகளைக் கோட்டுருவாக (outlines) மாற்றிப் பிடிஎஃப்பாகக் கொடுங்கள். மாதிரித் தாளைத் தமிழ் தெரிந்தவர் படித்துப் பார்த்த பிறகே அச்சுக்குச் சம்மதியுங்கள்.

"பிடிபட்டதைத் திரும்பக் காட்டில் விடலாமே?" என்று எல்லாரும் கேட்பார்கள். பலகையிலேயே பதில் இருக்கட்டும்: எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று தெரியாது, பெட்டிக்குள் தொற்றிய நோயைக் காட்டு ஆமைகளுக்குப் பரப்பக்கூடும், வெவ்வேறு வட்டார ஆமைகளின் மரபும் கலந்துவிடும்.

பலகையின் கடைசி வரி: இணையத்தில் விற்பனை விளம்பரம் கண்டால் பகிராதீர்கள், திரைப்பிடி எடுத்து மலேசிய வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்கு அனுப்புங்கள். மலைப்பாம்புக்கு எதிரே மட்டும் இந்தப் பலகையை மாட்டிவிடாதீர்கள். பாம்பு கொஞ்சம் நெளிந்தாலும் கூட்டம் முழுதும் பலகைக்கு முதுகு காட்டி நிற்கும்.