தெர்மாமீட்டரை நம்பிக் கெட்ட கதை: குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு அணியைத் தயார் செய்வது எப்படி?

“நாலு தெர்மாமீட்டரும் ஒரே மாதிரிதான் காட்டுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

செட்டிநாட்டு வீட்டுச் சூட்டையும் காங்கிரீட் வீட்டுச் சூட்டையும் அளந்து ஒப்பிட்ட ஆய்வோடு போயிருந்தோம். மாவட்டச் சுற்றில் நடுவர் இதை மட்டும்தான் கேட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். அன்றைக்கு அங்கேயே எங்கள் கதை முடிந்தது. அடுத்த ஆண்டு புது ஜோடி, அதே வீடு, கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் போனோம். மாநிலச் சுற்று வரை கிடைத்தது. “நடுவுல என்ன சார் பண்ணுனீங்க?” என்று காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் புது வழிகாட்டி ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடந்து வருகிறது. தமிழ்நாட்டில் இதைப் பல ஆண்டுகள் ஒருங்கிணைத்தது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊரிலேயே ஒரு பிரச்சினையை எடுத்து ஆராய்ந்து, மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படிப்படியாகப் போக வேண்டும். பதிவு, வயதுச் சான்று, படிவம் எல்லாம் தலைமையாசிரியர் அறையில் முடிகிற வேலை. விதிகளுக்கு அந்தந்த ஆண்டின் வழிகாட்டி நூலைப் பாருங்கள். நான் சொல்ல வருவது அதில் இல்லாத விஷயங்கள்.

1. கட்டுரைத் தலைப்பைக் கேள்வியாக்குங்கள்

பிள்ளைகள் முதலில் கொண்டுவருவது “செட்டிநாட்டு வீடுகளின் சிறப்பு” மாதிரி ஒன்றாக இருக்கும். அது கட்டுரைப் போட்டிக்கு ஆகும், ஆய்வுக்கு ஆகாது. எண்ணில் பதில் வருகிற கேள்வி வேண்டும். எங்கள் கேள்வி இது: செட்டிநாட்டு வீட்டு வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றியுள்ள பத்தியிலும் (தாழ்வாரம்), அதே தெருவில் இருக்கிற காங்கிரீட் வீட்டுக் கூடத்திலும், ஒரே நேரத்தில் வெப்பநிலை எவ்வளவு வேறுபடுகிறது? காலையில் ஒரு மாதிரி, மதியம் ஒரு மாதிரியா?

நம் பக்கத்தில் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. மழை பெய்து எத்தனை நாளில் ஊருணித் தண்ணீர் தெளிகிறது என்று அளக்கலாம். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடாதது. கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றி, மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துப் பக்குவப்படுத்துவது. உடைந்த கல்லைப் பட்டறையில் கேட்டாலே கொடுப்பார்கள். காயவைத்து எடை போட்டு, ஒரு நாள் ஊறவைத்து மறுபடி எடை போட்டால் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று தெரிந்துவிடும். கடையில் விற்கும் மெஷின் டைல்ஸோடு ஒப்பிடலாம்.

ஒரு எச்சரிக்கை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சைச் சோதிக்கிறேன் என்று ஒரு பையன் உள்ளங்கை அகலத்துக்குச் சுவரையே பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டான். அந்த வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்த நான் மூன்று முறை போக வேண்டியிருந்தது.

2. சாவி யாரிடம் இருக்கிறது?

வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். சாவி காவலுக்கு இருப்பவரிடம் இருக்கும். இரண்டு பேரிடமும் கேளுங்கள். தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரு கடிதமும் கொடுங்கள். எங்களுக்கு வாய்த்தது ஆச்சி ஒருவர் தனியாக இருக்கிற வீடு. “ஆச்சி, சுவத்துல ஆணி அடிக்க மாட்டோம்” என்று நான் ஆரம்பிப்பதற்குள், “ஆணி கெடக்கட்டும், பர்மாத் தேக்குத் தூணு, அதுல டேப்பு கீப்பு எதையும் ஒட்டிப்புடாதீக” என்றார்.

அதனால் வந்த யோசனைதான் பெயின்ட் வாளி. காலி வாளியில் மணலை நிரப்பி, நடுவில் ஒரு கம்பை நட்டு, தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் தெர்மாமீட்டரை நூலால் கட்டித் தொங்கவிட்டோம். எந்த வீட்டுக்கும் இது போதும். வெயில் மேலே படக்கூடாது. பட்டால் அது காற்றின் சூட்டைக் காட்டாது, தன் சூட்டைத்தான் காட்டும்.

3. ஐஸ் தண்ணீர்

நான் வழுக்கி விழுந்த இடம் இது. அவசரமில்லாமல் படியுங்கள்.

ஆய்வகத்தில் கிடைக்கும் சிவப்பு ஆல்கஹால் தெர்மாமீட்டர், −10 முதல் 110 டிகிரி வரை குறித்தது, அதைத்தான் வாங்குவேன். பாதரசம் வேண்டாம், பிள்ளைகள் கையில் உடைந்தால் ஆபத்து. நாலு இடத்தில் அளக்கப் போகிறீர்கள் என்றால் ஐந்து வாங்குங்கள்.

ஐஸைத் துண்டில் சுற்றிக் குழவியால் தட்டிப் பொடியாக்குங்கள். ஒரு எவர்சில்வர் தூக்குவாளியில் விளிம்பு வரை போட்டு, இடுக்கு நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். ஐஸ் மிதக்கிற அளவுக்குத் தண்ணீர் ஊற்றினால் அடித்தண்ணீர் பூஜ்யத்துக்கு வராது. பத்து நிமிடம் விட்டுக் கிளறுங்கள். வாளியின் வாயில் ஒரு குச்சியை வைத்து, அதில் ஐந்து தெர்மாமீட்டரையும் கட்டி இறக்குங்கள். குமிழ் அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது. ஐந்து நிமிடம் கழித்து, வெளியே எடுக்காமல், கண்ணைத் திரவ மட்டத்துக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். எடுத்துப் பார்த்தால் எடுக்கும்போதே ஏறிவிடும்.

எல்லாம் 0 காட்ட வேண்டும். எங்களுடையதில் இரண்டு 0 காட்டின, ஒன்று 1, இன்னொன்று −1. ஐந்தாவது 3 காட்டியது. அதை அப்போதே ஒதுக்கினோம்.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? 1 காட்டியது எப்போதும் ஒரு டிகிரி கூட்டிச் சொல்கிறது. அதன் அளவில் 1 கழிக்க வேண்டும். −1 காட்டியது குறைத்துச் சொல்கிறது. அதோடு 1 கூட்ட வேண்டும். (கூட்டுவதா கழிப்பதா என்பதில் பிள்ளைகள் கட்டாயம் குழம்புவார்கள். “கூடச் சொன்னவன்கிட்டருந்து புடுங்கு, கொறச்சுச் சொன்னவனுக்குக் குடு” என்று சொல்லிக்கொடுத்தேன். பிறகு தப்பவில்லை.) காங்கிரீட் வீட்டில் முதலாவது 33 காட்டுகிறது, வளவுப் பத்தியில் மற்றது 31 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திருத்தினால் இரண்டுமே 32. வித்தியாசமே கிடையாது!

இவை போன ஆண்டு பயன்படுத்திய அதே தெர்மாமீட்டர்கள். பழைய நோட்டைப் புரட்டினேன். கூட்டிச் சொல்வது இரண்டு மாதமும் காங்கிரீட் வீட்டிலேயே தொங்கியிருக்கிறது; குறைத்துச் சொல்வது வளவில். சார்ட்டில் சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் நாங்கள் எழுதிய வித்தியாசத்தில் இரண்டு டிகிரி வீட்டுடையதே அல்ல, தெர்மாமீட்டருடையது. நடுவர் மேல் இருந்த கோபமெல்லாம் அன்றைக்குப் போய்விட்டது.

பூஜ்யத்தில் மட்டும் பார்த்தால் போதாது. வெதுவெதுப்பான தண்ணீரில், 40 டிகிரி வாக்கில், ஐந்தையும் ஒன்றாக இறக்கி இன்னொரு முறை ஒப்பிடுங்கள். நாம் அளக்கப்போவது அந்தப் பக்கத்துச் சூட்டைத்தானே. அப்புறம், வாரத்துக்கு ஒரு முறை தெர்மாமீட்டர்களை இடம் மாற்றுங்கள். வளவில் இருந்தது காங்கிரீட்டுக்கு, அங்கே இருந்தது வளவுக்கு. உங்கள் கண்ணில் படாத பிழை ஏதாவது மிச்சம் இருந்தாலும் இரண்டு வீட்டுக்கும் சமமாகப் போய்விடும். காசு செலவில்லாத வேலை, நடுவர்கள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

காரைக்குடிக்காரர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் ஊரில்தான் இருக்கிறது. செப்டம்பர் 26 அதன் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் கழகம்) நிறுவன நாள், அதையொட்டி மாணவர்களை உள்ளே விடும்போது கூட்டிக்கொண்டு போங்கள். பெரிய கருவிகளை வாய் பிளந்து பார்ப்பது இருக்கட்டும். கருவியின் பக்கவாட்டில், கடைசியாகச் சோதித்த தேதி போட்டு ஒரு சிறு சீட்டு ஒட்டியிருந்தால் அதைக் காட்டுங்கள். தூக்குவாளியில் நாம் செய்வதும் அதே வேலைதான்.

4. நோட்டு

கோடு போடாத 200 பக்க நோட்டு, பேனா. பென்சில், ரப்பர், ஒயிட்னர் கூடாது. தப்பாக எழுதினால் ஒரே கோடாக அடித்துப் பக்கத்தில் எழுத வேண்டும். நேரம் காலை 6, 10, மதியம் 2, மாலை 6.

மூன்றாவது வாரம் நோட்டில் நாலு நாளும் மதியம் 29, 29, 29, 29 என்று இருந்தது. ஆடி மாத வெயிலில் அப்படி வராது. விசாரித்தால், பையன் பிள்ளையார்பட்டியில் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறான். திட்டவில்லை. “போகலைன்னு எழுதுடா, அதுவும் தகவல்தான்” என்றேன். அந்த நாலு கட்டமும் அடிக்கப்பட்டுக் காலியாகவே மாநிலச் சுற்று வரை வந்தது.

இதற்கு நேர்மாறாக ஒரு நாள், இரண்டாம் கட்டில் (வளவுக்கு அடுத்து உள்ளே இருக்கிற பகுதி) காலை பத்து மணிக்கே 36. பிள்ளைகள் அளவை அடித்துவிடப் பார்த்தார்கள். ஆச்சி வீட்டில் அன்று படைப்பு, முன்னோர்களுக்குப் படையல் போட்டுக் கும்பிடுகிற நாள். பங்காளிகள் எல்லாம் வந்திறங்கி, பின்கட்டில் விறகடுப்பு மூட்டியிருக்கிறார்கள். அளவை அப்படியே விட்டு, பக்கத்தில் “படைப்பு, 3 அடுப்பு எரிந்தது” என்று எழுதச் சொன்னேன். மாநிலச் சுற்றில் நடுவர் நோட்டைப் புரட்டியவர் அந்தப் பக்கத்தில்தான் நின்றார். ஐந்து நிமிடம் அதைப் பற்றியே பேச்சு.

சராசரி எடுப்பதும் வரைபடத்தாளில் புள்ளி வைப்பதும் கணக்கு ஆசிரியர் உதவியோடு ஒரு சனிக்கிழமையில் முடியும். முதலில் கையால் வரையட்டும், கம்ப்யூட்டர் பிறகு.

5. மேடை

தெர்மகோலில் செட்டிநாட்டு வீடு செய்யாதீர்கள். ப்ளெக்ஸும் வேண்டாம். பிள்ளைகள் கையெழுத்தில் நாலு சார்ட் போதும். மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற குழந்தையிடம் நடுவில் ஒரு கேள்வி போட்டால் மறுபடி முதல் வரிக்குத்தான் போகும். அதனால் மதிய இடைவேளையில் எங்கள் சத்துணவு அக்காவிடம் சொல்லிக் காட்டச் சொன்னேன். அக்கா கேட்டார்: “ராத்திரி அந்தத் தடிச் சுவரு சூட்டை விடுமே, அப்ப வளவு சூடா இருக்காதா?” நாங்கள் ராத்திரியில் அளக்கவே இல்லை! மறுநாள் முதல் ஆச்சியே இரவு 9 மணிக்கு ஒரு அளவு எடுத்துத் தந்தார். அறிக்கையின் நன்றிப் பக்கத்தில் இரண்டு பேர் பெயரும் உண்டு.

அளக்காததைக் கேட்டால் “அதை நாங்க அளக்கலை” என்று சொல்லப் பழக்குங்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளிக்கத்தான் பிள்ளைகளுக்கு முதலில் தோன்றும்.

பிறகு சேர்த்தது

ஐஸ் தண்ணீரில் எல்லா தெர்மாமீட்டரும் −2 காட்டுகிறது என்று ஒரு ஆசிரியை எழுதியிருந்தார். ஐஸ் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன், மீன்காரரிடம். மீன் பெட்டி ஐஸில் உப்புப் போட்டிருப்பார்கள், உப்பு சேர்ந்தால் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். ஜூஸ் கடை ஐஸ் வாங்குங்கள், அல்லது வீட்டு பிரிட்ஜில் உறையவையுங்கள்.

இன்னொருவர் சுவரில் மாட்டுகிற தெர்மாமீட்டரைக் கொதிக்கிற தண்ணீரில் விட்டு உடைத்துவிட்டார். அவற்றில் பல 50 டிகிரி வரைதான். அளவு எதுவரை போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு இறக்குங்கள்.

டிஜிட்டல் ஆகுமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். எனக்குப் பிடிக்காது, தசமப் புள்ளிக்குப் பிறகு ஒரு எண் காட்டினாலே பிள்ளைகள் அதை வேதவாக்காக நம்பிவிடுகிறார்கள். மலிவானவற்றில் ஒரு டிகிரி முன்னே பின்னே இருக்கும் என்று கூட வருகிற தாளிலேயே போட்டிருப்பார்கள். அதுதான் கையில் இருக்கிறது என்றால் ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரு கூடைக்குள் சேர்த்து வைத்து, மேலே துணி மூடி, ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் நல்ல தெர்மாமீட்டர் ஒன்றோடு ஒப்பிட்டு, எது எவ்வளவு கூட, எது எவ்வளவு குறைவு என்று சீட்டில் எழுதி, தேதியும் போட்டு, அதன் முதுகிலேயே ஒட்டிவிடுங்கள்.