ஃபைனோபெப்லாவைக் கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்காவின் அரிசோனா, தெற்கு கலிபோர்னியா பாலைவனங்களில் இந்தப் பறவையைத் தேடுவதாக இருந்தால், முதலில் பறவையைத் தேடாதீர்கள், புல்லுருவியைத் தேடுங்கள்; அதன் பழம்தான் இந்தப் பறவையின் முக்கிய உணவு. நம் ஊர் சீமைக்கருவேலத்தின் பங்காளியான மெஸ்கீட் மரங்களில், காக்கைக்கூடு மாதிரி அடர்ந்து தொங்கும் கொத்துதான் அது. மழைக்கு மட்டும் நீரோடும் ஓடைக்கரைகளில் நிறைய இருக்கும்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை, காலை நேரம் நல்லது. கோடையில் போனால் ஏமாற்றம்தான். பெரும்பாலானவை பாலைவனத்தை விட்டு ஓக் காடுகளுக்குப் போயிருக்கும்.

கொத்துக்கு அடியில் உள்ள கிளையைப் பாருங்கள். பிசின்போல ஒட்டிய எச்சம், அதில் விதைகள், உரித்த பழத்தோல்கள் கிடந்தால் பறவை அங்கே வாடிக்கையாக வருகிறது என்று அர்த்தம். தோலை இரைப்பையே உரித்துத் தனியாக்கிவிடும். நாளொன்றுக்கு 1,100 பழம் வரை தின்னும். தண்ணீர் குடிப்பது அபூர்வம். அதனால் தண்ணீர்த் தொட்டி, தானியத் தட்டு வைத்துக் காத்திருப்பது வீண்.

அடுத்து மர உச்சி. ஆண் பளபளக்கும் கறுப்பு, கொண்டை, சிவந்த கண். பறக்கும்போது சிறகில் வெள்ளைத் திட்டு பளிச்சிடும். பெண் சாம்பல் நிறம். இங்கேதான் பலர் மாக்கிங்பேர்ட் என்ற இன்னொரு சாம்பல் நிறப் பறவையோடு குழப்பிக்கொள்வார்கள்: அதற்கு வால் ஓரமும் வெள்ளை, கொண்டை கிடையாது.

கூடு பல சமயம் புல்லுருவிக்குள்ளேயே இருக்கும். பிப்ரவரிக்குப் பிறகு கொத்தை விலக்கிப் பார்க்க வேண்டாம்.