கொடி ரோஜாவை வெட்டாதீர்கள், வளைத்துக் கட்டுங்கள்

கொடி ரோஜாவின் நீண்ட கிளைகளை நேராக மேலே ஏற விடாமல், கைப்பிடிச் சுவரிலோ கம்பி வலையிலோ படுக்கைவாட்டில் வளைத்துக் கட்டுங்கள். உச்சியில் மட்டும் நாலு பூ பூத்த கிளை, கணுவுக்குக் கணு தளிர்விட்டு நீளம் முழுக்கப் பூக்கும்.

காரணம் ஆக்சின் என்ற ஹார்மோன். நுனிமொட்டில் உருவாகிக் கீழே இறங்கும் இது, பக்க மொட்டுகளை எழவிடாமல் அடக்கி வைக்கும். கிளையைச் சாய்த்தால் அந்தப் பிடி தளர்ந்து, தூங்கிக்கொண்டிருந்த மொட்டுகள் விழித்துக்கொள்ளும். முழுதாகப் படுக்க வைக்க இடம் இல்லையென்றால் 45 டிகிரி சாய்வும் போதும், பூ கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஒரே நாளில் வளைக்க வேண்டாம். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பு, தண்டு சற்றுத் துவண்டிருக்கும் வேளையில், நாலைந்து நாட்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். கட்டுவதற்குக் கம்பி கூடாது, தண்டு பருக்கும்போது அறுத்துவிடும். பழைய பனியன் துணிக் கீற்றை எட்டு வடிவில் தளர்வாகச் சுற்றினால் போதும். காசும் மிச்சம்.

முற்றிப்போன பழுப்புக் கிளையில் முயலாதீர்கள், படக்கென்று ஒடிந்துவிடும். இந்த வருஷம் வந்த பச்சைக் கிளைதான் வளையும். அப்புறம், குட்டையாக விறைத்து நிற்கும் புதர் ரோஜாவுக்கு இது சரிவராது. அதற்குக் கத்தரிக்கோல்தான்.