சிக்கும் பாகத்துக்கு எந்த கிரீஸ்? காரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதவு கிரீச்சிடுகிறது, கண்ணாடி பாதியில் நின்றுவிடுகிறது, சாவி திரும்ப மறுக்கிறது. காரில் புதிதாகக் கை வைக்கிறவர்கள் இந்த மூன்றுக்கும் வீட்டில் கிடக்கிற ஒரே டப்பாவைத்தான் எடுத்து வருகிறார்கள். அளவாகப் போடு, அழுக்கைத் துடைத்துவிட்டுப் போடு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுவோம். காசையும் பாகத்தையும் சேர்த்துக் காவு வாங்குகிற தவறுகளைப் பார்ப்போம்.

டபிள்யூடி-40 ஸ்பிரேயைக் கிரீஸாக நினைப்பது

நல்ல சரக்குதான். ஆனால் 1953-ல் சான் டியேகோவில் அதை உருவாக்கியதே ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்கத்தான். பெயரில் உள்ள 40, கலவை கைகூடிய முயற்சியின் எண். அதில் பெரும்பகுதி கரைப்பான். அது ஆவியானதும் மிஞ்சுவது மெல்லிய எண்ணெய்ப் படலம். துருப்பிடித்த நட்டைக் கழற்றவும், கட்டிப்போன பழைய கிரீஸைக் கரைக்கவும் அருமையாக உதவும். கதவுக் கீலில் அதை மட்டும் அடித்து விட்டுவிட்டால், உள்ளே மிச்சமிருந்த கிரீஸையும் கழுவிக்கொண்டு வந்துவிடும். சத்தம் கொஞ்ச நாள் அடங்கும், பிறகு முன்னைவிடப் பெரிதாகத் திரும்பும். அதை அடித்துக் கழுவுங்கள், பனியன் வேஸ்டால் துடையுங்கள், பிறகு வெள்ளை லித்தியம் கிரீஸ் வையுங்கள். ஒரு கீலுக்கு ஒரு பட்டாணி அளவு போதும். கதவைப் பத்து முறை திறந்து மூடி, வெளியே பிதுங்கியதை வழித்துவிடுங்கள். விட்டால் மண் ஒட்டும்.

காலிப்பர் ஸ்லைடு பின்னில் பேரிங் கிரீஸ்

"கிரீஸ்னா எல்லாம் கிரீஸ்தானே?" இந்த ஒரு நினைப்பால் கெட்டுப்போகிற டிஸ்குகளைப் பார்த்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை இரண்டு பிரேக் பேடுகளால் கவ்வுவது காலிப்பர்; அது நகர்வது ஸ்லைடு பின் என்ற உலோகக் கம்பிகளின் மேல். பேடு மாற்றும்போது ஸ்லைடு பின் வறண்டிருப்பது தெரிகிறது. பக்கத்தில் பேரிங் கிரீஸ் டப்பா திறந்திருக்கிறது. விரலால் அள்ளித் தடவி மாட்டிவிடுகிறார்கள். அன்றைக்கு வழவழவென்று ஓடும். கெடுதல் வெளியே தெரியச் சில மாதங்கள் ஆவதால், அப்போது யாரும் கிரீஸைச் சந்தேகப்படுவதில்லை. இந்தத் தவறு இத்தனை காலம் நீடிப்பது அதனால்தான்.

உள்ளே நடப்பது இது. பின் போகும் துளையின் வாயை மூடும் பூட் என்ற ரப்பர் மூடியும், சில வண்டிகளில் ஒரு பின்னின் நுனியில் வரும் ரப்பர் உறையும் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் கிளைக்கால் வகை; அதை இந்த ரப்பர் தாங்கும். பேரிங் கிரீஸில் வழக்கமாக இருக்கும் கனிம எண்ணெயைத் தாங்காது. ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி எண்ணெயைக் குடித்து உப்பும். உப்பிய ரப்பர் துளைக்குள் பின்னை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

சாதாரண கார்களில் வரும் நகரும் காலிப்பரில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். அது உள்பேடைத் தள்ளும். அந்த விசையில் காலிப்பர் பின்களின் மேல் நகர்ந்து வெளிப்பேடை டிஸ்கோடு சேர்க்கும். பின் சிக்கினால் காலிப்பர் நகராது. உள்பேடு ஒன்றே சுமை முழுவதையும் இழுக்கும், பெடலை விட்ட பிறகும் உரசிக்கொண்டிருக்கும். கழற்றிப் பார்த்தால் வெளிப்பேடில் 7 மி.மீ. மிச்சமிருக்கும், உள்பேடு தகடு தெரியத் தேய்ந்திருக்கும். இதில் கொடுமை என்னவென்றால், சக்கரத்தின் இடைவெளி வழியாக எட்டிப் பார்க்கிறவர் கண்ணில் படுவது வெளிப்பேடுதான். "பேடு நல்லா இருக்கு" என்று வண்டியை எடுத்துப் போகிறார்கள். தகடு டிஸ்கை உழுகிறது.

நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு சக்கரங்களின் பக்கத்திலும் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள்; டிஸ்கைத் தொடக் கூடாது. முன்சக்கரங்களில் ஒன்று மட்டும் அனலடித்தாலோ, பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ ஸ்லைடு பின்னைப் பாருங்கள்.

பிரேக் காலிப்பர் பின்னுக்கென்றே எழுதி விற்கும் சிலிக்கான் அல்லது செயற்கை கிரீஸ்தான் சரி. காப்பர் கிரீஸும் இங்கே வேண்டாம். காலிப்பரைக் கழற்றியதும் கம்பி போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. பின்னையும் துளையையும் பிரேக் கிளீனரால் கழுவுங்கள். துளைக்குள் நைலான் பிரஷ் விட்டுச் சுழற்றினால் பழைய கசடு வந்துவிடும். பின்னில் துருக்குழி இருந்தால் மாற்றிவிடுங்கள். உப்பிய ரப்பரையும் கழுவி மாட்டாதீர்கள், புதிது போடுங்கள். கிரீஸை உலோக நிறம் லேசாகத் தெரிகிற அளவுக்கு மெல்லியதாகத் தடவினால் போதும். துளையை நிரப்பினால் உள்ளே காற்று அடைபட்டு, பின் பாதியில் நின்று திரும்பத் தள்ளும். பூட் பலூன் மாதிரி ஊதும். ரப்பர் உறை உள்ள பின் எந்தத் துளையில் இருந்ததோ அதே துளைக்குத்தான் போக வேண்டும். போல்ட்டை வண்டியின் கையேட்டில் உள்ள டார்க்குக்கு (இறுக்கும் முறுக்கு அளவு) இறுக்குங்கள். வண்டியை நகர்த்துமுன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள்.

கண்ணாடி ஓடும் ரப்பர் பீடிங்கில் எண்ணெய்

எண்ணெய் தூசியைச் சேர்த்துச் சேறாக்கும், ரப்பரையும் கெடுக்கும். ஈரத்துணியைப் பட்டை ஸ்கேலில் சுற்றிப் பள்ளத்தைத் துடைத்து, காய்ந்த பின் சிலிக்கான் ஸ்பிரேயைக் குழாய் வைத்துப் பக்கத்துக்கு ஒரு வினாடி அடித்து, கண்ணாடியை ஐந்தாறு முறை ஏற்றி இறக்குங்கள். முன்கண்ணாடியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயிண்டிங்குக்கு விடப்போகிற வண்டியில் இதை அடிக்கவே வேண்டாம். சிலிக்கான் பட்ட இடத்தில் பெயிண்ட் குழி விழும்.

கீலுக்குத் தேங்காய் எண்ணெய்

மார்கழிக் காலையில் உறையும், தூசி சேர்ந்து பிசுக்காகும். வேண்டாம்.

வாட்டர் வாஷ் முடிந்ததும் அடியில் டீசல் ஸ்பிரே

அடியில் மூட்டுகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் ரப்பர் புஷ் ஊறிக் கெடும். வண்டியை விடும்போதே வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

லைனர் (உள்ளே பிளாஸ்டிக் குழாய்) உள்ள கிளட்ச் கேபிளில் எண்ணெய்

விடாதீர்கள். இறுகினால் கேபிளை மாற்றுங்கள்.

சாவித் துளையில் எண்ணெய்

எண்ணெயும் தூசியும் சேர்ந்து பசையாகி, உள்ளே இருக்கும் குட்டித் தகடுகளை ஒட்டிவிடும். கிராஃபைட் தூளோ உலர்ந்த டெஃப்லான் ஸ்பிரேயோ போடுங்கள், இரண்டில் ஒன்றுதான். ஏற்கெனவே எண்ணெய் விட்டிருந்தால் முதலில் கிளீனரால் கழுவிக் காயவிடுங்கள், இல்லையென்றால் கிராஃபைட் கருஞ்சேறாகிவிடும். பிறகு சாவியை நுழைத்துப் பதினைந்து இருபது முறை திருப்புங்கள், ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் சாவியைத் துடையுங்கள். ரிமோட்டிலேயே திறந்து பழகிய வண்டிகளில்தான் இந்தப் பூட்டு சத்தமில்லாமல் இறுகிப்போகிறது. மாதம் ஒருமுறை சாவி போட்டுத் திறந்து வையுங்கள். பேட்டரி இறங்கிய அன்றைக்கு உள்ளே போக அந்த ஒரு துளைதான் வழி.