மணியாச்சி வரை: வாஞ்சிநாதனின் தடத்தில் ஊர் போகும் மலேசியத் தமிழருக்கு

கே.எல். சென்ட்ரலில் மோனோரயில் ஏறினால் துன் சம்பந்தனுக்கு அடுத்த நிலையம் மகாராஜாலேலா. 1875 நவம்பர் 2 அன்று பாசிர் சாலாக்கில் பேராக் சுல்தானுக்கு ஆலோசகராக அமர்த்தப்பட்ட ஆங்கிலேய அதிகாரி (ரெசிடென்ட்) பர்ச், ஆற்றோரக் குளியல் கொட்டகையில் கொல்லப்பட்டதை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்கிறார்கள். அந்தக் கொலைக்குப் பின்னால் இருந்த மலாய்த் தலைவர்தான் மகாராஜாலேலா. அவர் பெயரில் இருக்கும் இன்றைய ஜாலான் மகாராஜாலேலா ஒரு காலத்தில் பர்ச் சாலை. ஈப்போவில் பர்ச்சின் நினைவு மணிக்கூண்டு இன்றும் நிற்கிறது. கொன்றவருக்கும் கொல்லப்பட்டவருக்கும் ஒரே நாட்டில் நினைவுச்சின்னம் இருப்பது நமக்குப் புதிதில்லை.

தமிழ்நாட்டின் தென்கோடியிலும் அப்படி ஒரு வட்டாரம் இருக்கிறது. 1911 ஜூன் 17 அன்று திருநெல்வேலி ஆட்சியர் ராபர்ட் வில்லியம் எஸ்கோர்ட் ஆஷை மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றார். அதோடு தொடர்புள்ள இடங்கள் தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் பரவிக் கிடக்கின்றன. ஊருக்குப் போனால் கோயில், துணிக்கடை, குற்றாலம் என்றே நாட்கள் ஓடிவிடுகின்றன. அதில் மூன்று நாளை இதற்கு ஒதுக்குங்கள். அந்த ஊர்களுக்கு நடுவே நின்றால்தான் ஒருவன் ஏன் கொலைகாரன் ஆனான் என்ற கேள்விக்கு ஒற்றை வரிப் பதில் போதாது என்பது புரியும்.

பயணத்துக்கு வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலேசியக் கடப்பிதழில் போகிறவர்கள் இ-விசாவை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். இந்திய அரசின் தளத்தில் மட்டும் எடுங்கள். அதைப் போலவே தோற்றம் காட்டி அதிகப் பணம் பிடுங்கும் தளங்கள் உண்டு. கே.எல்.லிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் சுமார் நான்கு மணி நேரம். சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத் ரயில் திருச்சியில் நிற்கும், அங்கிருந்து திருநெல்வேலிக்கு இன்னொரு நான்கு மணி நேரம். சிறிய நிலையங்களிலும் டீக்கடைகளிலும் நம் வங்கி அட்டை செல்லாது, சில்லறை ரூபாய் கையில் இருக்கட்டும். வயதில் மூத்த ஆண்களை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டுப் பேசுங்கள், வழி தானாகத் திறக்கும்.

எல்லோரும் வாஞ்சி பிறந்த செங்கோட்டையிலிருந்து தொடங்குவார்கள். நான் தூத்துக்குடியிலிருந்து தொடங்கச் சொல்வேன், ஏனென்றால் கோபம் பிறந்த ஊர் அது. 1906-ல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தை இங்கேதான் தொடங்கினார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம், சுருக்கமாக பி.ஐ. இந்தப் பெயர் நம் வீட்டு மூத்தவர்கள் காதில் விழுந்திருக்கும். நாகப்பட்டினத்திலிருந்து நம் தாத்தா பாட்டிகளைப் பினாங்குக்குக் கொண்டுவந்து இறக்கிய ரஜுலா கப்பலும் பி.ஐ. நிறுவனத்தினுடையதுதான். எந்த நிறுவனத்தின் கடல் ஆதிக்கத்தை உடைக்க வ.உ.சி. தன் சொத்தையும் வாழ்வையும் செலவழித்தாரோ, அதன் தளத்தில் உட்கார்ந்துதான் நாம் மலாயா வந்தோம். இதை நினைத்துக்கொண்டு தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தின் முன்னால் நின்று பாருங்கள்.

1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடியின் கோரல் மில் என்ற பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குத் துணை நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். மார்ச் 12 அன்று இருவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை கிடைத்தது, மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது. அப்போது தூத்துக்குடியில் துணை ஆட்சியராக இருந்து அடக்குமுறையை முன்னின்று நடத்தியவர் ஆஷ். சுதேசிக் கப்பலை முடக்கியவர், பிள்ளைவாளைச் செக்கிழுக்க வைத்தவர் என்று மக்கள் மனதில் அவர் பெயர் பதிந்தது.

ஆஷின் நினைவு மண்டபமும் இதே ஊரில், பழைய துறைமுகப் பக்கம் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. அதையும் பாருங்கள். வெறுப்போடு கடந்து போகவேண்டிய இடமில்லை அது.

அங்கிருந்து ஒட்டப்பிடாரம் வழியாக மணியாச்சிக்குப் போகலாம், வழியில் வ.உ.சி.யின் நினைவு இல்லம் இருக்கிறது. ரயிலில் போவதென்றால் தூத்துக்குடி–திருநெல்வேலி பாசஞ்சரில் முன்பதிவு இல்லாத டிக்கெட் போதும். மதுரை–திருநெல்வேலிப் பாதையிலிருந்து தூத்துக்குடிக் கிளை பிரிகிற சந்திப்பு மணியாச்சி. இப்போது பெயர்ப்பலகையில் "வாஞ்சி மணியாச்சி" என்று இருக்கும். சுற்றிலும் கரிசல் காடு, வெயில். வண்டிகள் குறைவு, எனவே திரும்பும் ரயிலின் நேரத்தை இறங்கியவுடனே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலும் கையில் வேண்டும்.

அன்று ஆஷும் மனைவி மேரியும் கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பியிருந்தார்கள். தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காக (கொழும்புக் கப்பலோடு இணைப்பாக ஓடிய ரயில்) அவர்களுடைய முதல் வகுப்புப் பெட்டி மணியாச்சியில் காத்திருந்தது. காலை பத்தரை மணிக்குக் கொஞ்சம் மேல். வாஞ்சி பெட்டிக்குள் ஏறி பிரவுனிங் கைத்துப்பாக்கியால் சுட்டார். பிறகு பிளாட்பாரத்தில் ஓடி, கழிவறைக்குள் புகுந்து, தன் வாயில் சுட்டுக்கொண்டார். அவருக்கு வயது 25. கூட வந்தவர் தப்பி ஓடினார். மனைவியின் கண்ணெதிரே ஒரு மனிதர் சாவதும், ஒரு இளைஞன் கழிவறையில் தன்னை முடித்துக்கொள்வதும் அந்தப் பிளாட்பாரத்தில் சில நிமிடங்களில் நடந்தவை. அங்கே சிரித்தபடி செல்ஃபி எடுக்க எனக்கு மனம் வராது.

வாஞ்சியின் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. அவருடைய நோக்கத்தைப் பேசுகிற எல்லோரும் அந்தக் கடிதத்தை முழுதாகப் படிக்க வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து. அதில் ஆஷின் பெயரே இல்லை, கப்பலும் இல்லை, வ.உ.சி.யும் இல்லை. ஆங்கிலேயர் தேசத்தைப் பிடுங்கிக்கொண்டு சனாதன தர்மத்தைக் காலால் மிதிக்கிறார்கள் என்று அது தொடங்குகிறது. ராமனும் சிவாஜியும் குரு கோவிந்தரும் ஆண்ட நாட்டில் மாட்டிறைச்சி தின்னும் மிலேச்சனான ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டப் பார்க்கிறார்கள் என்று கொதிக்கிறது. அவர் இந்த மண்ணில் கால் வைத்ததும் கொல்ல 3000 மதராசிகள் சபதம் செய்திருக்கிறார்கள், அதை அறிவிக்கத்தான் இந்தச் செயல் என்கிறது. அந்த ஆண்டு டிசம்பரில் ஜார்ஜின் முடிசூட்டைக் கொண்டாடும் டில்லி தர்பார் நடக்க இருந்தது.

அப்படியானால் இது தேசபக்தியா, வைதீக வெறியா? தமிழ்நாட்டில் இன்றும் இந்தச் சண்டை ஓயவில்லை. பிரசவ வலியில் துடித்த ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணை ஆஷ் தன் வண்டியில் அக்கிரகாரம் வழியாக அழைத்துப் போனார், அதனால்தான் கொல்லப்பட்டார் என்ற கதையை டீக்கடையில் கேட்பீர்கள். அக்கால ஆவணங்களில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் கதை ஏன் பரவியது என்பதை, கடிதத்தைப் படித்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். அதில் சாதி ஆசாரத்தின் மணம் வீசத்தான் செய்கிறது. அதை மறைத்துவிட்டு வாஞ்சியைக் கொண்டாடுவது நேர்மையில்லை. 1908-ல் சிந்திய ரத்தத்தையும் சிறையில் இழுக்கப்பட்ட செக்கையும் மறைத்துவிட்டு அவரைச் சாதி வெறியர் என்று மட்டும் சொல்வதும் நேர்மையில்லை. இரண்டும் ஒரே இளைஞனுக்குள் இருந்தன.

அந்தப் பகுதியில் சாதி இன்னும் ரணம். "எந்த ஊரு, யாரு வீடு" என்று கேட்பார்கள். பதில் சொல்லுங்கள், சொல்லாமலும் இருங்கள், ஆனால் டீக்கடையில் வாஞ்சியை வைத்து வாதாட வேண்டாம். கேட்டுக்கொண்டு வாருங்கள், அது போதும்.

திருநெல்வேலியில் தங்கினால் ஆற்றைத் தாண்டிப் பாளையங்கோட்டைக்குப் போய் ஆஷின் கல்லறையைப் பார்க்கலாம். பழைய ஆங்கிலேயத் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. காவலாளியிடம் அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

கடைசியாகச் செங்கோட்டை. திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாக ரயிலிலோ பேருந்திலோ போகலாம். வாஞ்சிக்குச் சிலையும் மணிமண்டபமும் இருக்கின்றன. அங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். வாஞ்சி ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் பிறந்தவரே இல்லை, வேலை பார்த்ததும் புனலூரில், திருவிதாங்கூர் வனத்துறையில். மன்னராட்சியில் சம்பளம் வாங்கிய ஒருவரை புரட்சியாளர் நீலகண்ட பிரம்மச்சாரியின் ஆங்கிலேய எதிர்ப்பு ரகசியச் சங்கம் இழுத்தது. புதுச்சேரியில் இன்னொரு புரட்சியாளரான வ.வே.சு. ஐயர் வாஞ்சிக்குத் துப்பாக்கி சுடப் பழக்கினார். கொலைக்குப் பின் நடந்த திருநெல்வேலிச் சதி வழக்கில் 14 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். நீலகண்டருக்கு ஏழு ஆண்டு சிறை கிடைத்தது.

நேரம் இருந்தால் செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ரயிலில் போய் வாருங்கள். 1904-ல் திறந்த மலைப்பாதை, பதின்மூன்று கண் பாலம், குகைகள், இருபுறமும் காடு. வாஞ்சி வேலைக்குப் போன காலத்துத் தடம் இது. திரும்பி வந்து பிரானூர் பார்டரில் கோழியும் பரோட்டாவும் சாப்பிடலாம், பழைய எல்லையின் பெயர் இன்று அங்கே சாப்பாட்டுக்குத்தான் புகழ்.

ஜூன் 17 ஒட்டிப் போனால் நினைவு நாள் அஞ்சலியும் குற்றால சீசனும் சேர்ந்து கிடைக்கும். நம் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் போகிறவர்கள் வானிலையைப் பார்த்துக் கிளம்புங்கள். 2023 டிசம்பரில் இந்த மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கி, ரயில்கள் நடுவழியில் நின்றன.

சென்னை வழியாக கே.எல். அல்லது பினாங்கு திரும்புகிறவர்கள் செங்கோட்டையில் மாலை பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் காலை சென்னை. எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழைய அரசுக் கோப்புகளில் இந்தக் காலத்தைத் தேட விரும்பினால், பயணத்துக்குப் பல வாரம் முன்பே எழுதி அனுமதி கேளுங்கள், கடப்பிதழ் நகலையும் இணைத்து விடுங்கள்.